மூன்றாம் நம்பர் மெஷினின் முனகல்

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தொடாதே!"

நான் அப்போது ஏணியின் நாலாம் படியில் கையில் ஸ்பானரோடு நின்றிருந்தேன். எனக்கு ஸ்பானரைப் பிடிக்கத்தான் தெரியும், உபயோகிக்கத் தெரியாது. பராமரிப்புக் கம்பெனியில் நான் ஒருங்கிணைப்பாளன். அதாவது வேலை தெரிந்தவர்களுக்கும் சம்பளம் போடுகிறவர்களுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிற உத்தியோகம். மேனேஜர் சுற்றி வருகிறார் என்று கேள்விப்பட்டு ஏணியில் ஏறியிருந்தேன். மேனேஜர் வரவில்லை. இவர் வந்தார்.

துபாயில் ஓடைக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு கலை அரங்கம் அது. அதன் மேல்தளத்து ஏ.சி. எந்திர அறைக்கதவில், அனுமதியில்லாதவர்கள் நுழையக்கூடாது என்று நாலு மொழியில் எழுதியிருக்கும். நாலையும் தள்ளித் திறந்துகொண்டு, அந்த அனுமதியைக் கொடுப்பதே தான்தான் என்பதுபோல நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் நாலு கலர்ப் பென்சில். கோட்டு போட்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு.

"அதைத் தொட்டால் ஒரு கலைஞனைக் கொல்கிறீர்கள்," என்றார், ஆங்கிலத்தில்.

"எந்தக் கலைஞனை?"

மூன்றாம் நம்பர் மெஷினைக் காட்டினார்.

மேடைப் பக்கமாகக் குளிர்காற்றைத் தள்ளுகிற, ஒரு வேன் அளவுப் பெட்டி அது. உள்ளே விசிறி சுழலும் தண்டில் ஒரு பேரிங் தேய்ந்து போயிருந்தது. அதனால் ஒரு முனகல். ஏழு நொடிக்கு ஒரு தடவை உப்பி, வடிந்து, மறுபடி உப்பும். கீழே அரங்கத்தில் உட்கார்ந்தால் காதுக்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கேட்கும். புகார் பதிவாகி ஒரு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஒப்பந்தப்படி எந்தப் புகாரையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் கம்ப்யூட்டரில் என் பெயருக்கு நேரே சிவப்பு விழும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். என்னையல்ல, மெஷினை.

நிகழ்ச்சிப் பிரிவில் இருந்த சாந்தினிதான் அவர் யார் என்று எனக்குச் சொன்னாள். யாழ்ப்பாணத்துப் பெண், அரங்கத்துக்கு வரும் கலைஞர்களின் விசா முதல் வயிற்றுவலி வரை அவள் பொறுப்பு.

"அண்ணை, அவர் பெரிய ஆள். கிரேக்கத்தில இருந்து வந்த இசையமைப்பாளர். சரியான நவீனமாம். அவரின்ர இசையில ரெண்டு துண்டு போட்டுக் கேட்டனான்."

"எப்படி இருந்தது?"

"எங்கட வோஷிங் மெஷின் பழுதாய்க் கிடந்த நேரம் இதை நான் சும்மாவே கேட்டிருக்கிறன்."

அவருடைய படைப்புகளின் பட்டியலை அவள் காட்டினாள். துறைமுகத்தில் நாலு பாரந்தூக்கிகளும் ஒரு கிளாரினெட்டும் சேர்ந்து வாசிக்கிற ஒன்று. பெர்லினில் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டுக்கும் அதில் மாட்டிக்கொண்ட மூன்று பாடகிகளுக்குமாக ஒன்று. எல்லாமே ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் நடந்தவை. லிஃப்டை மாற்றிவிட்டார்கள், பாரந்தூக்கிகளை வெட்டி விற்றுவிட்டார்கள். அந்த இசை முடிந்து போயிற்று. கடைசிப் படைப்புக்கும் அன்றைக்கும் நடுவே பதினோரு வருஷம் வெறுமையாக இருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நவீன இசையைப் பற்றி மூன்று புத்தகம் வரவழைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது, மூன்றும் வெவ்வேறு விஷயத்தைப் பற்றியவை என்பது மட்டும் தெரிந்தது.

புத்தகம் சொல்லாததை ஒரு வாரத்தில் நானே கண்டுபிடித்தேன். அந்த மனிதருக்கு எதையும் சரி செய்யக்கூடாது. உடைந்தது, தேய்ந்தது, ஒழுகுவது, கிறீச்சிடுவது எல்லாம் அவருக்கு உயிரோடிருப்பவை. சரி செய்தால் செத்துவிட்டது. நானோ சரி செய்வதை வைத்துச் சோறு தின்கிறவன். என் தொழிலில் வெற்றி என்றால் ஏ.சி. ஓடுவதே யாருக்கும் தெரியாமல் இருப்பது. இப்படி இருவரை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்திய விதியையும் யாரும் சரி செய்யவில்லை.

கடலோரத்தில் அவருக்கு நல்ல ஓட்டல் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்த ஓட்டல் இறந்துவிட்டது. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கராமாவில் என் வீட்டுக்கு நேர் மேல் ஃப்ளாட்டில் இருந்த குடும்பம் இரண்டு மாச லீவில் ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே பெட்டியோடு குடிவந்தார். பழைய ஜன்னல் ஏ.சி., உளறுகிற ஃப்ரிட்ஜ், குளியலறையில் சொட்டுகிற குழாய். சொர்க்கத்துக்கு வந்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குழாய்க்கு நான் பிளம்பரை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். "சார், அந்த ஆளு உள்ளயே விடல. வாசல்லயே நின்னு கும்பிடுறாரு."

பத்து நாளில் தண்ணீர் தளத்தில் இறங்கி என் வீட்டுக் குளியலறைக் கூரையில் சொட்ட ஆரம்பித்தது. மனைவி கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஒழுகறதை அடைக்கிற கம்பெனி உங்க கம்பெனி. போய் உங்க கிரேக்கர்கிட்ட சொல்லுங்க."

மேலே போனேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது என் வீட்டில் ஒழுகுகிறது."

அவர் முகம் மலர்ந்தது. "உங்கள் வீட்டிலா? எதன் மேல்?"

"வாளியில்."

"பிளாஸ்டிக்கா, இரும்பா?"

இரும்பு என்று சொன்னது என் தவறு. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, என் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை ஏழு மணி. என் மகள் பல் தேய்க்க வேண்டும், நான் முகம் மழிக்க வேண்டும். நாற்பது நிமிஷம் யாரும் உள்ளே போகவில்லை. வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்: "என்னுடையதைவிட உங்களுடையது உயர்ந்தது."

மனைவி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு வீட்டையும் மாத்திக்கலாமான்னு கேளுங்க."

நான் மொழிபெயர்க்கவில்லை. கேட்டால் சரி என்றிருப்பார்.

நான் மன்னார்குடிக்காரன். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு வெளிநாட்டுக்காரரிடம் சங்கீதத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நம் சங்கீதத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே எத்தனை நுட்பம் இருக்கிறது என்று ஒருநாள் காரில் போகும்போது விளக்கினேன். காம்போதி ராகத்தைப் பாடியும் காட்டினேன். ஷேக் சாயத் சாலையில் நெரிசல். தப்பித்துப்போக அவருக்கு வழியில்லை.

"அழகாக இருக்கிறது," என்றார். "ஆனால் முடிந்துவிட்டது. முடிந்ததை நான் கேட்பதில்லை. உங்கள் வண்டியின் வலதுபக்கக் கதவில் ஒன்று ஆரம்பித்திருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா?"

மறுநாளே கதவைச் சரி செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நம்பர் மெஷின் விஷயத்தில் அவர் திட்டம் இதுதான். பதினொரு நரம்பிசைக் கலைஞர்கள் வருவார்கள். ஆரம்பத்தில் இரண்டு நிமிஷம் மேடையில் யாரும் அசையக்கூடாது. மெஷின் மட்டும் முனகும். பிறகு செல்லோ அந்த முனகலுக்குள் புகுந்துகொள்ளும். ஒவ்வொரு கருவியாக அதன்மேல் ஏறி, விலகி, உரசி, கடைசியில் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விடும். முடிவிலும் இரண்டு நிமிஷம் மெஷின் மட்டும். அவருடைய ஸ்வரக் குறிப்பு கிராஃப் தாளில் கலர்க் கோடுகளாக இருந்தது. எங்கள் குளிர்நீர்க் குழாய் வரைபடங்களோடு சேர்ந்து என் மேஜையில் ஒருநாள் கிடக்க, பழக்கதோஷத்தில், "இது எத்தனையாவது ரிவிஷன்?" என்று கேட்டேன். "ஏழாவது," என்றார் கண்கள் பளபளக்க. என்னைப் புத்திசாலி என்று அவர் நினைத்தது அந்த ஒரு தருணத்தில்தான்.

அந்தக் கோடைக்குப் பிறகு அரங்கத்தின் மெஷின்களையெல்லாம் மொத்தமாக மாற்றப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். "அதனால் இது இங்கே, ஒரு மாலை மட்டும்தான்," என்று நாங்கள் சந்தித்த மறுநாளே சொல்லியிருந்தார். "இதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஐந்து வாரம் இவனை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வீர்களா?"

பேரிங்கைப் பழுதாகவே வைத்திருப்பது எங்கள் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் வாங்குகிற குற்றம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நிகழ்ச்சித்தாளின் மாதிரியை நீட்டினார். வயலின் இன்னார், வியோலா இன்னார், செல்லோ இன்னார் என்ற வரிசையின் கடைசியில், மூன்றாம் எந்திரம் என்று போட்டு, எதிரே என் பெயர்.

என் பெயர் அதற்குமுன் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

கம்ப்யூட்டரில் அந்தப் புகாரைத் திறந்தேன். மூடாமல் தள்ளிவைக்க ஒரு காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். இருந்த ஏழு காரணங்களில் எனக்குத் தோதாக இருந்தது ஒன்று: உதிரிபாகம் வரவில்லை. அதை அழுத்தினேன். அதைத்தான் காதர் பாயிடமும் சொன்னேன்.

காதர் பாய் எங்கள் மூத்த டெக்னீஷியன். கீழக்கரைக்காரர். முப்பது வருஷமாக வளைகுடாவில் விசிறிகளையும் பேரிங்குகளையும் பார்த்து வருகிறவர். ஒரு மெஷின் முனகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தம்பி, பார்ட்டு வந்துச்சா?"

"வரலை பாய்."

"பேரிங்கு அழுவுது தம்பி. மவுத்தாகப் போறதுக்கு முன்னாடி அழுவுது. கிரீஸாவது காட்டவா?"

"வேண்டாம் பாய். பார்ட் வரட்டும்."

"கிரீஸ்காரரு வந்ததுலேருந்து கிரீஸ் போடக்கூடாதுங்குறீங்க," என்று சிரித்துவிட்டுப் போவார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேரிங் மாற்றியே தலை நரைத்தவரிடம் போய், ஒரு வெள்ளைக்காரருக்குப் பழுதான பேரிங் பிடித்திருக்கிறது, அதில் என் பெயரும் வருகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் சிரிப்பார் என்று பயந்தேன். ஐந்து வாரமும் ஒரே பொய்யைச் சொன்னேன்.

அந்த ஐந்து வாரமும் என்னைப் பாடாய்ப் படுத்தினார் நம் கிரேக்கர். குளிர் பத்தொன்பது டிகிரியில் இருந்தால் முனகல் மயிரிழை உயர்கிறது, அதுதான் வேண்டும் என்றார். வயலின்காரர்கள் சால்வை போர்த்திக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். குளிர் தாங்கவில்லை என்று ஆறு புகார். ஆறும் என் கணக்கில். மேடை விளக்குகளில் ஒன்று "பொய் சொல்கிறது" என்று அணைக்கச் சொன்னார். நகரும் படியை நிறுத்தச் சொன்னார். ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டு எந்திர அறைக்கு ஓடுவார். அங்கே ஒரு கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்து, காதோரம் கையைக் குவித்து, கண்ணை இறுக மூடி, முகம் சுருங்கக் கேட்பார். அப்படி ஒருநாள் நான் போய்க் கூப்பிட்டபோதுதான் ஒரு விசிறிக் கதையைச் சொன்னார்.

மாணவனாக இருந்தபோது அவர் நாட்டில் ராணுவ ஆட்சி. ஒரு துண்டுப்பிரசுரத்துக்காகப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தார்கள். ஜன்னலில்லாத அறை. சுவரில் காற்றுக்காக ஒரு பழுதான விசிறி. "அது முனகுகிறவரை யாரும் வரமாட்டார்கள். அதை நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்," என்றார்.

தேநீர் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணிடம், அதே விசிறி தன் அப்பா வேலை பார்த்த கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனபின் எது உண்மை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"இரண்டிலும் விசிறி உண்மை," என்றார்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. அன்று காலை ஒன்பதுக்கு நான் போனபோது, என் மேஜை முன்னால் காதர் பாய் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் அவருக்கு ஊருக்கு விமானம். மூன்று மாச லீவு.

"வாங்க தம்பி. ஒண்ணு காட்டணும்."

என்னை அரங்கத்துக்குள் அழைத்துப்போய் நடுவரிசையில் உட்கார வைத்தார்.

"கண்ணை மூடுங்க. இப்ப என்ன கேக்குது?"

கேட்டேன். "ஒண்ணும் கேக்கலையே பாய்."

"அதான்!"

என் வயிற்றில் ஏழு நொடிக்கொரு தடவை உப்பிக்கொண்டிருந்தது நின்று போயிருந்தது.

"பார்ட்டு வரலே பார்ட்டு வரலேண்டு மாசம் பூரா கஷ்டப்பட்டீங்க. நேத்து ஜும்மா முடிஞ்சு ஷார்ஜா போனேன். நம்ம ஊரு ஆளு கடை. பழைய ஸ்டாக்கெல்லாம் கொட்டித் தேடினேன், கெடச்சிருச்சு. விடியக்காலமே வந்து மாட்டிட்டேன். பாவம் அந்தப் பெரிய மனுசரு, டெய்லி வந்து காதப் பொத்திக்கிட்டு, மூஞ்சியச் சுருக்கிக்கிட்டு ஒக்காந்துருந்தாஹ. அவுஹ கச்சேரி அன்னைக்காவது நிம்மதியா இருக்கட்டும்."

"பழசு எங்க பாய்?" என்று கேட்டேன்.

கழிவுத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இதைத் திரும்ப மாட்ட முடியுமா?"

அடக்கம் பண்ணியதைத் தோண்டச் சொன்ன மாதிரி பார்த்தார். "புல்லர் போட்டு இழுத்ததுல வெளி வளையம் விரிசல் விட்டுருச்சே. இனிமே இது பழைய இரும்புதான். எதுக்குத் தம்பி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நிகழ்ச்சித்தாளில் என் பெயர் உட்பட. சிரிப்பார் என்று ஐந்து வாரம் பயந்தேனே, அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏந்தம்பி எங்கிட்ட சொல்லல?"

நான் நிகழ்ச்சித்தாளைச் சட்டைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினேன்.

"கெட்டதக் கெட்டபடியே வெச்சுக்கணுமுண்டா அதுக்கும் வேலை இருக்குல்ல? பெல்ட்ட அளவா இழுக்கணும். எண்ணெய்யத் தொட்டும் தொடாம காட்டணும். சும்மா விட்டாலும் ஒருநா போயிரும், பாத்தாத்தான் நிக்கும். நான் பாத்துருப்பேன்ல, புள்ளையப் பாக்குற மாதிரி."

பத்து மணிக்குக் கடைசி ஒத்திகைக்குக் கிரேக்கர் வந்தார். நடைபாதையில் பாதி தூரம் வந்தவர் நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்து, பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி, மேடையை அல்ல, கதவைப் பார்த்தார்.

எனக்கு அந்த ஜன்னலில்லாத அறை ஞாபகம் வந்தது. கதை உண்மையோ பொய்யோ, அந்தப் பார்வை பொய்யில்லை.

"யார் நிறுத்தியது?"

காதர் பாய் என் பின்னால் நின்றிருந்தார். "நான்தான்," என்றேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பார்த்தால் உண்மையும் அதுதான்.

"சரி செய்துவிட்டீர்கள்," என்றார். அதைவிடக் கேவலமான வசவு அவரிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சாந்தினி ஓடிவந்தாள். அவர் ஐந்து வாரமாகப் பதிவு செய்து வைத்திருந்த முனகலை ஒலிபெருக்கியில் போடலாமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மனைவி போய்விட்டால் புகைப்படத்தோடு சாப்பிட உட்காருவாயா, அம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்துத் தமிழில் முணுமுணுத்தாள்: "என்ர கடவுளே, கச்சேரி இல்லையெண்டு இனி முந்நூறு பேருக்கு ஆர் சொல்லுறது?"

தள்ளிவைக்கவும் வழியில்லை, கலைஞர்களுக்கு மறுநாள் விமானம். மாலை நாலு மணி வரை அவர் முன்வரிசையில் கிராஃப் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கோட்டையும் மாற்றவில்லை. காதர் பாய் போய் அவர் முன் நின்று, துணியைப் பிரித்துப் பழைய பேரிங்கை நீட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அவர் வாங்கிக் காதருகே வைத்து விரலால் சுழற்றினார். வெறும் கரகரப்பு. தலையை ஆட்டினார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை; கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "வாசிக்கிறோம்," என்று சாந்தினியிடம் சொன்னார்.

காதர் பாயும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கிரேக்கர் மேடையேறிக் கையைத் தாழ்த்தி நின்றார். முதல் இரண்டு நிமிஷம். யாரோ இருமினார்கள். யாருடைய வளையலோ ஒலித்தது. ஒரு கைப்பேசி அதிர்ந்து அடங்கியது. சுத்தமான, குற்றம் சொல்ல முடியாத காற்று சத்தமேயில்லாமல் வந்துகொண்டிருந்தது. என் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி.

பிறகு செல்லோ நுழைந்தது, இல்லாத ஒன்றுக்குள். வயலின்கள் அதைச் சுற்றி ஏறின. எங்கே உரச வேண்டுமோ அங்கே உரசிப் பார்த்து, அங்கே எதுவும் இல்லாமல் சரிந்தன.

காதர் பாய் என் காதருகே குனிந்தார். "தம்பி, இவுஹ எல்லாரும் எதையோ தேடுறாஹ."

"ஆமாம் பாய்."

"அந்தச் சத்தம் இருந்துச்சுண்டா இதெல்லாம் அது மேல ஒக்காந்துருக்கும்."

மூன்று புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. முடிகிறவரை அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு நிமிஷத்தில், முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்ட, அரங்கமே சேர்ந்து தட்டியது. அவர் தாழ்த்திய கையை எடுக்கவில்லை. அரங்கம் தட்டி ஓய்ந்து, வெட்கப்பட்டு, மறுபடி மௌனமானது; நேரம் சரியாக முடிந்தபின்தான் அவர் திரும்பிக் குனிந்தார். பேரிங்கின் கனத்தில் கோட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. வெளியே காப்பிக் கோப்பையோடு நின்ற ஒரு முத்துமாலை அம்மாள், "அந்த மௌனம்தான் எத்தனை துணிச்சல்!" என்று உருகிக்கொண்டிருந்தாள். என் பெயர் அச்சில் வந்த ஒரே கச்சேரியில் நான் வாசிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விமான நிலையம் போகிற வழியில் கிரேக்கர் அரங்கத்தில் இறங்கி, உதவி மேஜையில் ஒரு படிவம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே வந்து என்னைப் பார்க்கவில்லை. சாந்தினிதான் கொண்டுவந்தாள்.

"அண்ணை, இதை எப்பிடிப் பதியிறது? லிஸ்டில சத்தம் எண்டு இருக்கு. சத்தமில்லை எண்டு இல்லையே."

புகார்ப் படிவம். இடம்: பெரிய அரங்கம். எந்திரம்: மூன்று. புகார்: சத்தம் வரவில்லை. அவசரம்: மிக அவசரம். கீழே கையெழுத்து. 'இதர' என்ற தலைப்பில் பதிவு செய்தேன்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. காதர் பாய் அந்த லீவு முடிந்து வந்து இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஊரோடு போகும்வரை, எந்த மெஷினைத் திறப்பதற்கு முன்னாலும், "தம்பி, இது யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். கிண்டலில்லை; நிஜமாகவே கேட்பார். கிரேக்கர் வேறு யாருக்கும் இசையமைத்ததாகத் தகவல் இல்லை. போன வருஷம் சாந்தினி கனடாவிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள்: ஏதென்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டாராம். மூன்றாம் நம்பர் மெஷினைக் கழற்றி, அந்த இடத்தில் முனகத் தெரியாத ஒன்றை வைத்து வெகுகாலமாகிறது.

புகார் மட்டும் இருக்கிறது. மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது என் பெயருக்கு நேரே ஒரே ஒரு சிவப்பு. மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு புதியவரும் முதல் மாதத்தில் கூப்பிட்டு, அந்தச் சிவப்பைக் காட்டி, "க்யா ஹை யே, பாய்? என்ன இது?" என்று கேட்கிறார். மெஷினே இல்லை, புகார் கொடுத்தவரும் இல்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் மூடிவிடும். பார்க்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

மேஜைக்கு வந்து அதைத் திறக்கிறேன். ஏன் இன்னும் மூடவில்லை என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அதே ஏழு காரணங்கள். உதிரிபாகம் வரவில்லை என்பதை அழுத்துகிறேன். முதல் தடவை அது பொய்.